சித்தி வேஷம்

கெட்ட சித்தி வேஷம் எனக்கு நன்றாக வரும். ரத்தோட்டை ரோட்டில் இருக்கும் எங்கள் நேர்சரியில் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் எல்லாரும் இதற்குச் சாட்சி. பால் குடித்து முடிந்ததும் கதை நேரம். என்ன கதை வேண்டும் என்று கேட்டால், அடுப்படிச் சாம்பலில் படுக்கிற பெண்ணின் கதை, இல்லாவிட்டால் விஷ ஆப்பிள் கதை என்பார்கள். இரண்டிலும் ஒரு சித்தி உண்டு. நான் ஒரு புருவத்தை உயர்த்தி, குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, கோடு போடும் அடிமட்டத்தைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பேன். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஒருவர் மடியில் ஒருவர் விழுவார்கள். பயம் தெளிந்ததும், "இன்னொருக்கா, டீச்சர்" என்பார்கள்.

ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. எங்கள் வீடுகளில் அம்மாவின் தங்கையும் சித்திதான். பையில் டொபியோடு வருகிற சித்தி. அதனால் ஒரு பிள்ளை, "எங்க சித்தி அப்படி இல்ல" என்று அழுதுவிட்டது. அன்றிலிருந்து நான் "கெட்ட சித்தி" என்று அழுத்திச் சொல்லத் தொடங்கினேன். கெட்ட என்ற சொல்லில் கொஞ்சம் பல்லைக் கடிப்பேன். அது வேஷத்துக்கு இன்னும் பொருந்திப் போனது.

ஒரு வருடம் முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். மற்றவர்கள் கத்தும்போது அவள் கத்த மாட்டாள். கண்ணை எடுக்காமல் என்னையே பார்ப்பாள். பள்ளிவிட்டு அவளைக் கூட்டிப் போக அவளுடைய அம்மா வருவாள். பலா மரத்தடியில் நின்று என்னோடு இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டாள். மெல்லிய, சிரித்த முகம். அந்தக் குழந்தை பெரிய பள்ளிக்கூடம் போன பிறகு, ஒரு மழைக்காலத்தில் அந்த அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். நானும் சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். அன்றைக்கும் அந்தக் குழந்தை கத்தவில்லை. வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து, அவளுடைய அப்பா ஒரு மத்தியானம் நேர்சரிக்கு வந்தார். மாத்தளை டவுனில் ஒரு மொத்தக் கடையில் லொறி ஓட்டுகிறவர். லக்கல, வில்கமுவ பக்கத்துக் கடைகளுக்கு மாவும் சீனியும் சவர்க்காரமும் ஏற்றிப் போவது வேலை. எங்களிடம் இருந்ததெல்லாம் பிள்ளைகளின் நாற்காலிதான். அதில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அப்படியே இருந்துகொண்டு, என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். எனக்கு அப்போது, இனி யாரும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள் என்று நிம்மதியாக இருக்கப் பழகிவிட்ட வயது.

"புள்ளைக்கு ஒங்கள நல்லா தெரியும் டீச்சர். அதுதான் தைரியமா வந்தேன்" என்றார்.

அது நியாயமான காரணமாகத்தான் எனக்கும் பட்டது. முன்பின் தெரியாத ஒருத்தி வீட்டுக்குள் வருவதைவிடத் தெரிந்தவள் வருவது நல்லதுதானே. பிள்ளைக்கு என்னை எந்த வேஷத்தில் தெரியும் என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

டவுன் அம்மன் கோயிலில் தாலி கட்டினார். பெரிய கூட்டம் இல்லை. நான் என்னுடைய கண்ணாடி பதித்த அல்மாரியோடு அவருடைய வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் லீவு முடிந்ததும் அவர் லொறியை எடுத்துக்கொண்டு வில்கமுவ போய்விட்டார். வீட்டில் நானும் அவளும். அவளுக்கு ஒன்பது வயது. என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். மரியாதைக்குக் குறைவே இல்லை. நான் போகிற இடமெல்லாம் அவளுடைய கண் வந்தது.

அவர் போவதற்கு முன் ஆப்பிள் வாங்கி வைத்திருந்தார். நான் ஒன்றை நாலாக வெட்டி, தட்டில் வைத்து அவளிடம் நீட்டினேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல நீங்க சாப்புடுங்க டீச்சர்."

என்ன பிள்ளை, என்ன வளர்ப்பு என்று உள்ளம் குளிர்ந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றேன். அவள் தட்டின் மறுபக்கத்தைக் காட்டினாள்.

"இந்தப் பக்கத்துலயும் ஒன்னு."

அப்போதுதான் விளங்கியது. கதையில் ஆப்பிளின் ஒரு பாதியில்தான் விஷம். அதை நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதுவும் கையால் பாதி பாதியாகப் பிரித்துக் காட்டி. ஒரு டீச்சராக எனக்குப் பெருமை வந்தது. நாலு வயதில் கேட்டதைப் பிள்ளை விவரம் தவறாமல் வைத்திருக்கிறாள். ஒரு சித்தியாக அந்தப் பெருமையை வெளியே காட்ட முடியவில்லை. மறுபக்கத்திலும் ஒரு துண்டைத் தின்றேன். அவள் சற்று நேரம் பொறுத்து, நான் விழவில்லை என்று உறுதிப்பட்டதும், மிச்சத்தை எடுத்துக்கொண்டு டீவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அடுத்தது அல்மாரிக் கண்ணாடி. நான் தலை சீவும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணாடி என்னா சொல்லுச்சு?"

நரை கூடிப்போச்சு என்று சொன்னதாகச் சொன்னேன். அவள் என் தலையை நன்றாகப் பார்த்துவிட்டு, "கண்ணாடி பொய் சொல்லாதுதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதெல்லாம் வேடிக்கைதான். உண்மையில் என்னை ஆட்டிப்படைத்தது விளக்குமாறு. அந்தப் பிள்ளையின் கையில் விளக்குமாற்றைக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னிடம் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்கள். எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். அவள் வாசல் கூட்டுவதை ஒருத்தி பார்த்தால் போதும், சித்தி வேலையைத் தொடங்கிவிட்டாள் என்று பொழுது சாய்வதற்குள் டவுன்வரை போய்விடும். ஆகவே கூட்டுவது, கழுவுவது, பாய் சுருட்டுவது எல்லாம் நானே செய்தேன். அவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ராசாத்தி மாதிரி வளர்ந்தாள்.

இதைக் கண்டுபிடித்தவர் என் கணவரின் அக்கா. பக்கத்துத் தெருவில் இருப்பவர். நான் பிள்ளையை எப்படி நடத்துகிறேன் என்று பார்க்கத்தான் முதலில் அடிக்கடி வந்தார். வந்து வந்து பார்த்துவிட்டு, கடைசியில் வேறு குற்றத்தைப் பிடித்தார். பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு கோப்பை கழுவத் தெரியவில்லை, பெற்றவளாக இருந்தால் இப்படிக் கெடுப்பாளா என்றார். வேலை கொடுத்தால் கொடுமைக்காரி, கொடுக்காவிட்டால் பெறாதவள். என் கணவரிடம் முறையிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, தான் தின்ற தட்டைத் தானே கழுவுவது எந்தக் கதையிலும் கொடுமையாக வரவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். தட்டிலிருந்து தொடங்கினோம்.

நேர்சரியிலும் எனக்குத் தொழில் கெட்டுப்போயிருந்தது. அந்தக் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள் கெட்ட சித்தியை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கெட்ட மாமி என்று மாற்றிப் பார்த்தேன். கதை பாதிவரைகூடப் போகவில்லை. "அப்ப அந்த அக்கா அவங்க வீட்டுக்குப் போகலாம்தானே" என்று ஒரு குழந்தை கேட்டது. போகலாம்தான். போனால் சாம்பல் இல்லை, அழுகை இல்லை, தேவதை வரவேண்டிய தேவையும் இல்லை. கதை அங்கேயே செத்துப்போனது. திரும்பவும் சித்தியைக் கொண்டுவந்தேன். ஆனால் எனக்குப் புருவம் ஏறவில்லை. பிள்ளைகள் கத்தவில்லை. ஒருத்தன் கொட்டாவி விட்டான்.

வீட்டிலோ, லீவு வந்தால் அவளுக்கு அந்தக் கதைகளின் படங்கள்தான் வேண்டும். டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் பென் டிரைவில் ஏற்றித் தருவார்கள். ஒரே கதை: கார்ட்டூனாக ஒன்று, ஆட்கள் நடித்தது ஒன்று, தமிழ் பேசுவது ஒன்று, கீழே சிங்கள எழுத்து ஓடுவது இன்னொன்று. எல்லாவற்றையும் அடுத்தடுத்துப் பார்ப்பாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்வாள். சித்தி திரையில் வரும்போதெல்லாம் நான் எழுந்து, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று குசினிக்குப் போய்விடுவேன். அவள் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு, நான் வந்ததும் அதே இடத்திலிருந்து போடுவாள்.

அவளுக்குச் சித்திகளைப் பற்றித் தெளிவான அபிப்பிராயம் இருந்தது. கார்ட்டூன் சித்தி நல்ல கெட்டவள்; பார்வையே போதும். ஆட்கள் நடித்த படத்துச் சித்தி உடுப்பில் கவனமாக இருக்கிறாள், கெடுதலில் கவனமில்லை. தமிழ் பேசுகிறவளுக்குக் குரல் காணாது. "நீங்க பேசினா இத விட நல்லா இருக்கும் டீச்சர்" என்றாள். இதைப் பாராட்டாக எடுப்பதா என்று தெரியாமல் நான் தேத்தண்ணி போடப் போனேன்.

ஒரு முறை அவளுடைய அப்பாவும் வீட்டில் இருந்தார். லக்கல ரோட்டில் யானை நின்றதால் ஒரு நாள் தாமதித்து வந்து, அசதியில் பாயில் சாய்ந்துகொண்டு எங்களோடு படம் பார்த்தார். அவருக்கு எந்தப் படத்தில் மலையும் பனியும் வந்தாலும் அது லக்கல போகிற வழியில் இருக்கும் ரிவர்ஸ்டன்தான். அரண்மனையைக் காட்டியதும், அந்த வளைவில் லொறி ஏறாது என்றார். அவள் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள். எல்லாக் கதையிலும் பெண்ணுக்கு அப்பா ஒருவர் இருக்கிறாரே, சித்தி இவ்வளவு செய்யும்போது அந்த மனிதர் எங்கே போனார் என்று. எனக்கும் அது தோன்றியதுண்டு. கதை எழுதியவர்கள் பழியை எல்லாம் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, ஆணைப் பயணம் அனுப்பிவிடுகிறார்கள். நான் பதில் சொல்வதற்குள் அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"லோடு ஏத்திப் போயிருப்பாரு."

அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது ஒரு புதுப் படம் வந்தது. சித்தியின் பக்கத்திலிருந்து சொன்ன கதை என்று அவளுடைய கூட்டாளிகள் சொல்லியிருந்தார்கள். மூன்று பேரும் உடுத்திக்கொண்டு கண்டிக்குப் பஸ் ஏறினோம். படத்தில் அந்தச் சித்தி சின்ன வயதில் பட்ட பாடு, அவளை ஏமாற்றிய ஒருவன், அவள் மனம் கல்லானது எல்லாம் வந்தது. என் கணவர் தியேட்டர் குளிர்காற்றில் தூங்கிவிட்டார். நான் முந்தானை நனைய அழுதேன். என் ஆயுளில் முதல் தடவையாக ஒரு படம் எனக்காக வழக்காடுகிறது என்று இருந்தது. அவள் கண் துடைக்க லேஞ்சியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, நேரே திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

திரும்பி வரும்போது அக்குறணையில் வாகன நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. ஜன்னல் ஓரத்தில் அவள், பக்கத்தில் நான், முன் சீட்டில் அவர். படம் எப்படி என்று கேட்டேன். எனக்குப் பிடித்த அளவு அவளுக்கும் பிடித்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"சரியில்ல டீச்சர். கெட்டவ கெட்டவளாவே இருக்கணும். அவளும் அழுதா நான் யார வெறுக்கிறது?"

யாரையாவது வெறுத்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் டீச்சர் குரலில் கேட்டிருப்பேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா போனப்புறம் எனக்கு எந்த நேரமும் கோவமா வரும். யாருமேலன்னு தெரியாது. நீங்க வந்தீங்க. நீங்க ஒன்னும் செய்யல்லதானே, ஒங்கள எப்படி ஏசுறது? அதுதான் படத்தப் போட்டுக்கிட்டு அவள நல்லா ஏசுவேன், மனசுக்குள்ள. முடிஞ்சதும் பசிக்கும். வந்து ஒங்ககிட்ட சோறு கேப்பேன்."

இத்தனை வருடம் அவள் என்னை அந்தச் சித்தியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே படம் போடுகிறாள் என்று நினைத்து, குசினிக்கும் ஹோலுக்கும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளோ என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எனக்கு வரவேண்டிய ஏச்சையெல்லாம் திரையில் இருக்கிறவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் விட்டுவைத்தாள். பிறகு, "வேர்க்குது டீச்சர்" என்று எடுத்துக்கொண்டாள். முன் சீட்டில் அவர் தூங்குகிற மாதிரி இருந்தார். ஆனால் தூங்கும்போது அவர் தலை ஆடும், அன்றைக்கு ஆடவில்லை.

சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டிருப்பாள், மழையும் பெய்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பஸ் நகர்ந்தது. அவள் வடை வேண்டும் என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை நேர்சரியில் நான் பழைய சித்தியை முழுசாகக் கொண்டுவந்தேன். புருவம் தானாக ஏறியது. பின்வரிசையில் ஒரு குழந்தை மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

அதற்கடுத்த வருடம் அவளுடைய பள்ளிக்கூட விழாவில் சாம்பல் பெண்ணின் கதையை நாடகமாகப் போட்டார்கள். கதாநாயகி வேஷம் கேட்டுப் பிள்ளைகள் சண்டை பிடித்தபோது, இவள் மட்டும் சித்தி வேஷத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். வீட்டில் ஒத்திகை பார்க்கவில்லை. என்னுடைய குங்கும நிறச் சேலையை மட்டும் கேட்டாள். அவளுடைய அப்பாவுக்கு அன்று வில்கமுவ லோடு. நானும் அவருடைய அக்காவும் போய் முன்னால் உட்கார்ந்தோம்.

மேடையில் அவள் வந்து நின்றதும் மண்டபம் அமைதியானது. ஒரு புருவம். அடித்தொண்டைக் குரல். என் நேர்சரிச் சொத்தை அப்படியே அள்ளிக்கொண்டு போயிருந்தாள். நான் பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு அந்த ஏழைப் பெண், அரண்மனை விருந்துக்குத் தானும் போகலாமா என்று கேட்டு வந்து நின்றாள். சித்தி சீறி விழ வேண்டிய இடம். இவள் கிட்டப் போய், அந்தப் பெண்ணின் கூந்தலைத் தொட்டுப் பார்த்தாள்.

"தலையில ஈரம். தொவட்டாம வெளிய போனா தடிமன் புடிக்காதா?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். கதாநாயகிக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. சித்தி நிறுத்தவில்லை. காலையில் தின்றாயா என்று கேட்டாள். கேஸ் அடுப்பை நிப்பாட்டினாயா, போய் இன்னொரு தடவை பார் என்றாள். விருந்துக்குப் போனால் அங்கே தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் தருகிறார்களா என்று விசாரிக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் அதே அடித்தொண்டைக் கொடூரக் குரலில் சொன்னாள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. இடுப்பில் கையை வைத்து, சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்து, பெருமூச்சு விட்ட விதத்தைப் பார்த்து என் நாத்தனார் முழங்கையால் இடித்தார்.

"இது நீதானே புள்ள."

எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. நான் அப்படியா இருக்கிறேன் என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இதைவிட மோசம் என்றார்.

கடைசியில் சித்தி மன்னிப்புக் கேட்டு அந்தப் பெண்ணின் காலில் விழ வேண்டும் என்று எழுதியிருந்ததாம். இவள் விழவில்லை. நிமிர்ந்து நின்று, போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு ஃபோன் எடு என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அதற்குள் குதிரைமேல் வருகிற மாதிரி இளவரசன் வந்து, பேச வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

பரிசு கிடைக்கவில்லை. கதை கதாநாயகியை விட்டுச் சித்தியின் பின்னால் போய்விட்டது என்று நடுவர்கள் சொன்னார்களாம். நாடகம் பழக்கிய தமிழ்ப்பாட சேர் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், இப்படி ஏன் செய்தாய் என்று கேட்டேன். அவளுக்கு நான் கேட்டதே விளங்கவில்லை.

"கெட்டவளாத்தான் நடிச்சேன். வெயில் காயுற நாள்லயும் தலைய தொவட்டு தொவட்டுன்னு உயிர வாங்குறது கொடும இல்லையா டீச்சர்?"

அவளுடைய அப்பா வந்ததும், சோறு ஆறுவதைப் பார்க்காமல் முழு நாடகத்தையும் அவருக்கு நடித்துக் காட்டினாள். அவர் சிரிக்கவேண்டிய இடத்திலெல்லாம் என்னைப் பார்த்து, அனுமதி வாங்கிச் சிரித்தார்.

ஒரு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை கோயிலில் அந்த இளவரசனின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். மகனுக்கு வாடகைக்குத் தலைப்பாகை எடுத்து, மூன்று வாரம் வசனம் பாடமாக்கி, ஒரு சொல் பேச விடாமல் செய்துவிட்டாளே உங்கள் பிள்ளை என்றாள். உங்கள் பிள்ளை என்று அவள் சொன்னது கோபத்தில்தான். நான் அதைத் திருத்தவில்லை. நியாயம்தான் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். ஏசி முடித்துத் திருநீறு பூசிக்கொண்ட பிறகு, கொஞ்சம் தணிந்து, பிள்ளைக்கு இதெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்ததா என்று கேட்டாள். ஒரு வகையில் ஆமாம் என்றேன். அப்படியானால் அடுத்த வருடத்துக்கு மகனையும் கொஞ்சம் பழக்க முடியுமா என்றாள்.

இளவரசன் வேஷம் எனக்கு வராது, ராட்சசன் என்றால் சொல்லித் தரலாம் என்றேன். அவள் பிரசாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ராட்சசனுக்கு வசனம் கூடுதலா இருக்குமா?"

"நெறைய இருக்கும்."

"அப்ப சனிக்கிழம அனுப்புறேன்" என்றாள்.